முகமூடி போட்ட கோச்

விக் மொராண்டி சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. யாரும் அவரை விரட்டவும் இல்லை. ஜூலை நடுவில் பேஸ்பால் லீகுக்குச் சில நாள் ஓய்வு விடுவார்கள். அந்த ஓய்வில், ஏரிக்கரை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ப்ரென்ட்வில் அணி தன் தலைமைக் கோச்சான மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியை விக்குக்குக் கொடுத்தது. வருடக்கணக்காகக் காலிஸ்டர் அணியில் பந்துவீச்சுக் கோச்சாகவே இருந்த மனிதருக்கு ஒரு முழு அணி கைக்கு வருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? போய்விட்டார். போகும்போது காலிஸ்டரின் வீச்சாளர்கள் எல்லோரும் வாகன நிறுத்தம் வரை கூட வந்து வழியனுப்பினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கேலன் ராட்கே புல்பென் வாசலில் நின்று பார்த்தார்.

ராட்கேவுக்கு நாற்பத்தேழு வயது. ஆடின காலம் முழுவதும், மட்டையாளன் நிற்கிற தட்டுக்குப் பின்னால் கேட்சராகக் குந்தியிருந்து, முகமூடிக்குள் வேர்த்து, முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஆள். இப்போது வெளிவேலியை ஒட்டிய புல்பென்னில், மாற்று வீச்சாளர்களைக் கை சூடேற்றி அனுப்பி வைக்கிற சின்னக் கோச். விக்கின் பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடித்த கையோடு மேனேஜர் ஹேங்க் தோர்ப் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

தோர்ப் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையை மென்று உமியைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்.

"உக்காரு கேலன். விக் இடத்துக்கு நாலஞ்சு பேருக்குப் போன் அடிச்சேன். ஒருத்தனுக்கு முதுகு வலியாம். ஒருத்தன் பொண்டாட்டி விடமாட்டேங்கறாளாம். இன்னொருத்தன் போனையே எடுக்கல. மிச்சம் நீதான்."

"ரொம்பப் பெருமையா இருக்கு, ஹேங்க்."

"கோவிச்சுக்காதேப்பா. சீசன் முடியற வரைக்கும் பாத்துக்கோ. தற்காலிகமா."

"தற்காலிகம்னா வேணாம்."

தோர்ப் மெல்லுவதை நிறுத்தினார். "என்னது?"

"போகப்போற ஆளுன்னு தெரிஞ்சா பசங்க ஒருத்தனும் காது குடுக்க மாட்டான். குடுக்கறதா இருந்தா அடுத்த வருஷத்துக்கும் சேத்துக் குடு. இல்லேன்னா இன்னும் ஒருத்தனுக்குப் போன் அடிச்சுப் பாரு."

"நீ வாழ்க்கையில ஒரு தடவையாவது மேட்டுல ஏறி நின்னு வீசியிருக்கியா?"

"இல்ல."

"அதையும் நெஞ்ச நிமித்திச் சொல்ற பாரு!" தோர்ப் துப்பினார். "சரி, எடுத்துக்கோ. ஆனா நீ கவுத்துட்டேன்னா உன்னைத் தனியா அனுப்ப மாட்டாங்க, என்னையும் சேத்துத்தான் அனுப்புவாங்க. ஞாபகம் வெச்சுக்கோ."

ராட்கே வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே அப்படிப் பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வீச்சாளர்களைப் புல்பென்னில் கூட்டினார். எல்லோரும் வந்தார்கள்; உடம்பு மட்டும் வந்தது. சிலர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டார்னெல் ஷிப்லி தலைகீழாகக் கவிழ்த்த வாளியின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிறவன். ஒரு காலத்தில், நாட்டின் முதல்தரப் போட்டியான பெரிய லீகிலும் ஒரு வசந்த காலம் ஆடியவன். இப்போது கையில் வேகம் போய், தந்திரம் மட்டும் மிஞ்சியிருந்தது. விக்குக்குப் பிறகு அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவன் நினைத்திருந்தது அணியில் எல்லோருக்கும் தெரியும்.

"கேலன், ஒரு சந்தேகம்," என்றான் ஷிப்லி. "நீ இதுவரைக்கும் எத்தனை பேரைப் பந்து வீசி ஸ்டிரைக் அவுட் பண்ணியிருக்க?"

சிரிப்பு எழுந்தது.

"தட்டுக்குப் பின்னாலேர்ந்து ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சு அவுட்டாக்கினது கணக்குல வருமா?" என்றார் ராட்கே.

"வராது."

"அப்ப ஒருத்தனையும் இல்ல."

"அதைத்தான் கேட்டேன். நன்றி." ஷிப்லி தொப்பியைத் தாழ்த்திக்கொண்டான். ராட்கே எழுதிக்கொண்டு வந்திருந்த பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு, ஓடிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

ஓய்வு முடிந்து ஆட்டங்கள் தொடங்கின. தோற்றார்கள், மறுபடி தோற்றார்கள். உள்ளூர்க் கூட்டம் முன்பெல்லாம் வீச்சாளர்களைத் திட்டும்; இப்போது வசதியாக ராட்கேவின் பெயரைக் கற்றுக்கொண்டது. அவர் மேட்டுக்கு நடந்து போகும்போதெல்லாம், "முகமூடிய மறந்துட்டியே கேலன்!" என்று மூன்றாவது பேஸ் பக்கமிருந்து ஒரு தடியன் கத்துவான். பக்கத்து வரிசைகள் கைதட்டும்.

கூட்டத்தின் கத்தலைத் தாங்கிக்கொள்ளலாம். எலியேசர் பாயானோ செய்ததுதான் அவரைக் குத்தியது.

எலி என்று கூப்பிடுவார்கள். அணியின் முதல் வீச்சாளன், டொமினிகன் பையன், இருபத்துநாலு வயது. பெரிய லீகின் கிளப் ஒன்று அவனைக் கழற்றி விட்டபோது, கை செத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னபோது, விக்தான் அவனைக் காலிஸ்டருக்கு அழைத்து வந்து ஸ்லைடர் என்ற ஆயுதத்தைக் கையில் கொடுத்தார். நேராக வருவது போல வந்து, தட்டை நெருங்கும்போது சட்டென்று பக்கவாட்டில் வழுக்கி வெளியே ஓடுகிற பந்து. அதை வைத்துத்தான் எலி மறுபடி மனிதனானான். ஒரு மதியம் ராட்கே சலவை அறைப் பக்கம் போனபோது, எலி துண்டுகள் குவித்த வண்டிக்குப் பின்னால் நின்று, தான் வீசுகிற வீடியோவை விக்குக்கு அனுப்பிவிட்டு, போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல கோச், இவர் புதுசா ஒண்ணும் சொல்லமாட்டேங்கறார். நீங்க சொல்லுங்க, என் தோள் சீக்கிரம் திறக்குதா?"

இவர் என்றது தன்னைத்தான். ராட்கே ஓசைப்படாமல் திரும்பி நடந்தார். கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது.

வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காலையில் மனைவி மார்லா முட்டையைப் பொரித்துத் தட்டில் தள்ளிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் பார்த்தே எந்தப் பிள்ளை அழுதிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து ரேடியோவுல நீ பேசினதைக் கேட்டேன். விக் பேசற மாதிரியே இருந்துச்சு."

"நல்லதுதானே. விக் கெட்டிக்காரன்."

"அவன் கெட்டிக்காரன்தான். ஆனா நீ அவன் இல்லையே. நீ மேட்டுக்கு நடந்து போறப்போ கூட அவன் மாதிரி பேன்ட் பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டுப் போற. இருவது வருஷமா உன்னைப் பாக்கறேன், நீ பாக்கெட்ல கை விட்டு நான் பாத்ததே இல்ல."

ராட்கே முள்கரண்டியைக் கீழே வைத்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு, கிளம்பி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிற வழி முழுக்க அது உண்மை என்று உறைத்துக்கொண்டே வந்தது. விக் வாயில் வந்த வார்த்தைகளைத்தான் இத்தனை நாளும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கை, தோள், இடுப்பு. மேட்டிலிருந்து கற்றவன் சொல்ல வேண்டியவை அவை. அவருக்குத் தெரிந்தது எதிர்ப் பக்கம்: பந்து தன்னை நோக்கி வரும்போது எப்படியிருக்கும் என்பது.

மைதானத்துக்கு வந்ததும் நேராக உபகரண அறைக்குப் போனார். பழைய நெஞ்சுக் கவசம், கால் கவசம், முகமூடி, கையுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புல்பென்னுக்கு வந்தார். அங்கே பயிற்சிக்காகக் குந்தியிருந்த இளம் கேட்சரின் தோளைத் தட்டி எழுப்பினார்.

"நீ போய் மட்டை புடி. இனிமே பயிற்சி வீச்செல்லாம் நான் வாங்கறேன்."

"எல்லாருக்குமா, கோச்?"

"எல்லாருக்கும்."

குந்தி உட்கார்ந்தபோது முட்டி எலும்பு உள்ளே நறநறவென்றது. மேட்டில் நின்றிருந்த வீச்சாளன் தயங்கினான். ராட்கே கையுறையைக் குத்திக் காட்டினார். "போடுப்பா. நாள் பூரா உக்கார முடியாது என்னால."

அன்றைக்கு எல்லோருடைய பந்தையும் வாங்கினார். மறுநாளும் வாங்கினார். எழுந்திருக்கும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாலையில் முட்டிக்கு ஐஸ் கட்டிக்கொண்டு வீரர்கள் அமர்கிற டக்அவுட்டில் உட்கார்ந்தார். சிரித்தவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று ஒவ்வொருவனாக உணரத் தொடங்கினான். அவர் தோளைப் பற்றியோ இடுப்பைப் பற்றியோ பேசவே இல்லை. "இதை நான் மட்டையாளனா இருந்தா அடிச்சிருப்பேன், உன் கைய விட்டு வரும்போதே தெரிஞ்சுபோச்சு" என்பார். "இது! இது எங்க போகுதுன்னு எனக்கே தெரியல, கண்ண மூடிட்டேன். திரும்பப் போடு" என்பார். அவ்வளவுதான்.

எலி மட்டும் பந்தைப் போட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, பேசாமல் போய்க்கொண்டிருந்தான். போன் தொடர்ந்தது. ஆகஸ்டில் ப்ரென்ட்வில்லோடு ஆட வேண்டிய வாரம் வந்தது. ராட்கே அவனைப் புல்பென் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எலி, நீ விக்குக்கு வீடியோ அனுப்பறது எனக்குத் தெரியும்."

எலியின் முகம் சுண்டிப்போனது. பிறகு நிமிர்ந்தான். "அனுப்பறேன். அவர் இல்லேன்னா நான் இன்னிக்கு எங்க மாமாவோட கடையில டயர் மாட்டிக்கிட்டு இருப்பேன்."

"உன் நன்றியைப் பிடுங்கறதுக்கு நான் வரல. ஆனா இந்த வெள்ளிக்கிழமை அவர் எதிர் டக்அவுட்ல உக்காந்திருப்பார்."

"அவர் ஏமாத்தற ஆள் இல்ல, கோச்."

"இல்லதான். எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். ஆனா தெரிஞ்சதை அவர் எப்படி மறப்பார்? நீ சொல்லு."

ராட்கே தன் போனை எடுத்து, அவன் முன்னாலேயே விக்கைக் கூப்பிட்டு, குரல் வெளியே கேட்கும்படி பெஞ்சில் வைத்தார்.

"கேலன்! என்னப்பா, முட்டி எப்படி இருக்கு? குந்தி உக்காந்து பந்து வாங்கறியாமே, பைத்தியமா உனக்கு?"

"விக், எலி பக்கத்துல இருக்கான். அவன் உனக்கு அனுப்பற வீடியோவைப் பத்திப் பேசணும்."

விக்கின் குரல் தாழ்ந்தது.

"அவனாத்தான் கேட்டான், கேலன்."

"தெரியும். ஆனா ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுத்தா கிழியறது அவன்தான். இனிமே அனுப்பினா பதில் சொல்லாதே. சீசன் முடிஞ்சதும் தாராளமாப் பேசிக்குங்க, நானும் வந்து உக்காந்துக்கறேன்."

விக் ஒத்துக்கொண்டார். "சரி. எலி, கேட்டியா? அவர் சொல்றபடி கேளு." போன் வைக்கப்பட்டது. எலி எழுந்து, நன்றியும் சொல்லாமல், திட்டவும் செய்யாமல், விறுவிறுவென்று உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டான். பின்னாலேயே போகலாமா என்று நினைத்த ராட்கே போகவில்லை.

வெள்ளிக்கிழமை ப்ரென்ட்வில்லில் எலியை அடித்து நொறுக்கினார்கள். ஸ்லைடரை ஒருத்தனும் தொடவில்லை. வெளியே வழுக்கி ஓடட்டும் என்று மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்; நடுவர் தவறான பந்து என்று 'பால்' சொன்னார், மறுபடியும் 'பால்' சொன்னார். வேறு வழியில்லாமல் எலி நேராக வேகப்பந்தைப் போட்டபோது அதற்காகவே காத்திருந்தவர்கள் போல விளாசினார்கள். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ஓட்டம். தோர்ப் அவனை வெளியே எடுத்தார்.

ஆட்டம் முடிந்து விக் கை கொடுக்க வந்தபோது எலி அவரைத் தாண்டிப் பேருந்துக்குப் போனான். விக்கின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. ராட்கே அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் என்ன பண்ணட்டும் கேலன், அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. அடுத்த தடவை இவ்வளவு சுலபமா இருக்காது. அவ்வளவுதான்."

பேருந்தில் எலி கடைசி இருக்கையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ராட்கே பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டார்," என்றான் எலி. குரல் உடைந்திருந்தது. "என் வீட்டுச் சாவிய எடுத்துத் திருடன் கையில குடுத்த மாதிரி."

"அப்ப பூட்டை மாத்துவோம்."

எலி திரும்பிப் பார்த்தான்.

"உன்கிட்ட ஒரு மெதுபந்து இருந்துச்சே. அதை ஏன் விட்ட?"

"விக்தான் வேணாம்னார். அதைப் போடறப்போ என் கை மெதுவாயிடுது, மட்டையாளனுக்குத் தெரிஞ்சுபோகுதுன்னார்."

"அது உண்மைதான். நானும் அப்ப பாத்திருக்கேன். கை மெதுவாகாம போட முடியுமான்னு பாப்போம். திங்கக்கிழமைலேர்ந்து."

திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். வேகப்பந்து போடுவது போலவே கை சுழல வேண்டும், பந்து மட்டும் தாமதமாக வர வேண்டும். எலியால் முடியவில்லை. கையை வேகமாகச் சுழற்றினால் பந்து கண்ட இடத்துக்குப் பறந்தது. ஒன்று தரையில் குத்தி எகிறி ராட்கேவின் வலது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. நகம் கறுத்து, விரல் வீங்கியது. மருத்துவ உதவியாளர் ஒரு வாரம் ஓய்வு என்றார். ராட்கே விரலைப் பட்டையால் சுற்றிக்கொண்டு, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறுநாள் குந்தினார். இன்னும் மோசமாகத்தான் போனது. எலி ஒருநாள் பந்தை வேலிக்கு வெளியே வீசியடித்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ கத்தினான்.

அன்று மாலை முழுக்க ராட்கே அதையே யோசித்துக்கொண்டிருந்தார். பந்து வருவதை அவரால் சொல்ல முடியும். விரல்கள் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கலாம். வேலைக்கு வந்த புதிதில் அதைத்தானே செய்து பார்த்தார்?

ஷிப்லி உடைமாற்றும் அறையில் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ராட்கே அவன் எதிரில் போய் நின்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் என்ன.

"டார்னெல், இந்த லீகிலேயே மெதுபந்து நல்லாப் போடறவன் நீதான். எலிக்கு அதை எப்படிப் புடிக்கணும்னு சொல்லிக் குடு. எனக்குத் தெரியாது."

ஷிப்லி தைலக் குப்பியை மெதுவாக மூடினான்.

"உன் வேலையை நான் ஏன் செய்யணும்?"

"நீ ஆசைப்பட்ட வேலை இதுதானே? எனக்குக் கிடைச்சுது, உனக்குக் கிடைக்கல. அதுல எனக்குச் சந்தோஷம் இல்ல. ஆனா கிடைச்சதை விட்டுக்குடுக்கவும் மாட்டேன். நீ வந்தா அந்தப் பையன் பொழைப்பான். வரலேன்னா நான் தட்டித் தடவி எப்படியாவது கத்துக்கிட்டு அவனுக்குச் சொல்லுவேன். நாள் ஆகும், அவ்வளவுதான்."

"முட்டி இருக்காது அதுக்குள்ள."

"போனாப் போகுது."

ஷிப்லி ரொம்ப நேரம் அவர் கட்டைவிரலைப் பார்த்தான். "பிடிவாதக்கார மனுஷன்யா நீ," என்றான் கடைசியில், சிரிக்காமல். மறுநாள் புல்பென்னுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவன் அவன்தான்.

எலியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டான். "நீ என்னமோ முட்டை புடிக்கற மாதிரி விரல் நுனியில புடிக்கற. உள்ளங்கைக்குள்ள தள்ளு. இன்னும். நல்லா அமுக்கு. இப்ப கோவமா வீசு. என் மூஞ்சிய நெனச்சுக்கிட்டு வீசு."

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லையே, ஷிப்."

"வரும். இரு, வரவைக்கறேன்."

வந்தது. ஒரு வாரத்துக்குள், ஒரு பந்து எலியின் கையிலிருந்து சீறிக் கிளம்பி, பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்று நின்று வந்தது. ராட்கே கையுறையை முன்கூட்டியே மூடிவிட்டார். பந்து அவர் முகமூடியில் மோதி விழுந்தது. அவர் பின்பக்கமாகப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ! கோச்! அடிபட்டுதா?"

"இதுதான்டா!" என்று கத்தினார் ராட்கே உட்கார்ந்தபடியே. "நானே ஏமாந்துட்டேன் பாத்தியா! இதேதான்!"

ஷிப்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எலியும் சிரித்தான். விக் போன பிறகு அவன் சிரித்து ராட்கே பார்ப்பது அதுதான் முதல் தடவை.

காலிஸ்டர் ஜெயிக்கத் தொடங்கியது. எல்லா ஆட்டத்தையும் இல்லை, போதுமான அளவு. செப்டம்பர் முதல் ஞாயிறு, பருவத்தின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில், ப்ரென்ட்வில்லோடு. ஜெயிக்கிற அணி அடுத்த சுற்றுக்குப் போகும், தோற்கிற அணி வீட்டுக்குப் போகும். எலி வீசினான்.

விக்கின் ஆட்கள் போன தடவை போலவே ஸ்லைடரைத் தொடாமல், வேகப்பந்துக்குக் காத்து நின்றார்கள். வந்ததோ வேகப்பந்து போலவே கிளம்பின மெதுபந்து. பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றி முடித்துத் தடுமாறினார்கள். எதிர் டக்அவுட்டில் விக் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவதை ராட்கே பார்த்தார். ஐந்து இன்னிங்ஸ் வரை ப்ரென்ட்வில்லுக்கு ஓட்டமே இல்லை, காலிஸ்டருக்கு இரண்டு.

ஆறாவதில் எலி களைத்தான். ஒருவனை அவுட்டாக்கினான். பிறகு ஒரு அடி கொடுத்தான், அதன்பின் மட்டையாளன் ஒருவனுக்கு நாலு தவறான பந்து போட்டுப் பேஸைச் சும்மா விட்டுக்கொடுத்தான், அடுத்தவனுக்கும் அப்படியே. மூன்று பேஸிலும் ஆட்கள். அடுத்து ப்ரென்ட்வில்லின் பெரிய அடிகாரன், கதவு நிலை மாதிரி தோள் கொண்டவன், மட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து வந்தான்.

தோர்ப் துப்பினார். "எடுத்துடலாம்."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"பாத்து என்ன பண்ணப் போற?"

"இன்னும் தெரியல, ஹேங்க்."

மேட்டுக்கு நடந்தார். முட்டி ஒவ்வொரு அடிக்கும் முனகியது. மூன்றாவது பேஸ் பக்கத்துத் தடியன் முகமூடியைப் பற்றிக் கத்தினான். இந்தத் தடவை பக்கத்து வரிசைகளில் யாரோ அவனை உட்காரச் சொல்லி அதட்டினார்கள். எலி வேர்த்து வழிந்துகொண்டு எதிர் டக்அவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், விக்கை. ராட்கே நடுவில் போய், விக் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பாரு."

"இப்ப அவர் என்ன நெனைக்கறார்னு எனக்குத் தெரியும், கோச். ஸ்லைடர் வரும்னு நெனைக்கறார். பயந்தா நான் அதுக்குத்தான் ஓடுவேன்னு அவருக்குத் தெரியும்."

"அவர் நெனைக்கறதை விடு. நீ என்ன போடப் போற?"

எலி பந்தைக் கையுறைக்குள் உருட்டினான். "மெதுபந்து."

"சரி. அதுக்கு அப்புறம்?"

"மெதுபந்து. அதுக்கு அப்புறமும் மெதுபந்து."

இத்தனை பலமான ஆளுக்கு மெதுவான பந்தை அடுத்தடுத்துக் கொடுப்பது என்றால், ஒன்றில் அவன் பழகிக்கொண்டால் போதும், பந்து ஏரிக்குப் போய்ச் சேரும். தன் காலத்தில் தட்டுக்குப் பின்னாலிருந்து அவர் ஒருபோதும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எலி இப்போது எதிர் டக்அவுட்டைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அனுமதி கேட்கிற பார்வையில்லை அது.

"பைத்தியக்காரத்தனம்," என்றார்.

"ஆமா, கோச்."

"கை மெதுவாகக் கூடாது."

"ஆகாது."

அவர் திரும்பி நடந்தார். தோர்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "என்னப்பா சொன்ன அவன்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவன் சொன்னான்."

முதல் பந்துக்கு அடிகாரன் மட்டையைச் சுழற்றின வேகத்தில் தலைக்கவசமே விழுந்தது. பந்து அப்புறம்தான் வந்தது. இரண்டாவதைக் கொஞ்சம் காத்திருந்து தொட்டான். பந்து கோட்டுக்கு வெளியே, செல்லாத அடியாக, கூட்டத்தின் தலைகளுக்கு மேல் பறந்தது. வெகு தூரம். ராட்கே டக்அவுட் கம்பியை இரு கையாலும் இறுக்கிக்கொண்டார். கட்டைவிரல் வலித்தது, விடவில்லை. இனி மாற்றுவான் என்று அந்த அடிகாரனும் நினைத்திருப்பான். மூன்றாவதும் மெதுபந்துதான். முழங்காலுக்குக் கீழே அமுங்கிய பந்தை அவன் அவசரத்தில் தரையோடு தட்டிவிட, அது துள்ளித் துள்ளிக் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் இடையில் நின்ற ஆளின் கையுறைக்குள் போய் விழுந்தது. அவன் எறிந்த பந்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு. ஒரே அடியில் இருவர் அவுட். முதலில் போனவனோடு மூன்று அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

எலி துள்ளவில்லை, கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டக்அவுட்டுக்குள் வந்து, ராட்கே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முழு பாட்டில் தண்ணீரைக் குடித்தான்.

கடைசி இன்னிங்ஸில் ஷிப்லி வந்தான். ஒரு ஓட்டம் கொடுத்தான், கடைசியில் முடித்துக்கொடுத்தான். இரண்டுக்கு ஒன்று. விக் மைதானத்தைக் கடந்து வந்தார். இந்தத் தடவை எலியே அவரிடம் போனான். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ராட்கேவுக்குக் கேட்கவில்லை. கட்டிக்கொண்டதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய் முட்டிக்கு ஐஸ் தேடினார்.

அடுத்த சுற்றில் காலிஸ்டர் சீக்கிரமே தோற்று வெளியேறியது. எதிரணி அவர்களைவிட நல்ல அணி, அவ்வளவுதான். உடைமாற்றும் அறையைக் காலி செய்கிற நாளில் தோர்ப், ராட்கேவைக் கூப்பிட்டு அடுத்த வருடத்துப் பேச்சை எடுத்தார். ராட்கே விட்டுவந்த புல்பென் கோச் வேலைக்கு யாரைப் போடலாம் என்றார்.

"ஷிப்லியை."

"அவன் உன் முதுகுல குத்தமாட்டானா?"

"குத்தறதா இருந்தா முன்னால நின்னு நெஞ்சுலதான் குத்துவான். அவன் வேணும் எனக்கு. எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்."

ஷிப்லி தன் சாமான்களை வண்டியில் அடைத்துக்கொண்டிருந்தான். ராட்கே நொண்டிக்கொண்டே போய்ச் சொன்னார். அவன் பின்கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோச்சா? நான் இன்னும் ஒரு வருஷம் வீசலாம்னு இருக்கேன்."

"வீசு. யார் வேணாங்கறது? வீசிக்கிட்டே சொல்லிக் குடு."

"ரெண்டும் சேத்து எவனாவது பண்ணுவானா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் பண்ணல. நீ பண்ணிப் பாரு."

ஷிப்லி கதவைச் சாத்தினான். "முட்டிக்கு ஆபரேஷன் எப்போ?"

"அடுத்த வாரம். பிப்ரவரிக்குள்ள குந்தி உக்காந்துருவேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"முடியாதுன்னார். பாக்கலாம்."